‘தோல்வியுற்ற நாடு’: சோமாலியாவை வெளியுலகம் தவறாகப் படித்த வரலாறு

1991 ஜனவரியில் சியாத் பர்ரே தலைநகர் மொகதிசுவை விட்டுத் தப்பியோடினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சோமாலியா முழுவதையும் ஆளும் அரசு என்று ஒன்று இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டுச் செய்திகளில் அந்நாடு மூன்று படங்களாகவே தோன்றியது: பஞ்சத்தில் வாடும் குழந்தை, துப்பாக்கி பொருத்திய திறந்த வாகனத்தில் செல்லும் இளைஞர்கள், கடற்கொள்ளையர் படகு. அமெரிக்க ஆய்வமைப்பு ஒன்று ஆண்டுதோறும் வெளியிட்ட ‘தோல்வியுற்ற நாடுகள்’ பட்டியலில் 2008 முதல் 2013 வரை சோமாலியாவே முதலிடத்தில் இருந்தது.

அரசு இல்லை என்பது உண்மைதான். அரசு இல்லாததால் சட்டமும் இல்லை, வணிகமும் இல்லை, பேசி முடிவெடுக்கத் தக்கவர் எவரும் இல்லை என்று வெளியார் எடுத்த முடிவு பிழையானது. அந்தப் பிழை பத்திரிகைக் கட்டுரைகளோடு நின்றிருந்தால் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. 1993, 2001, 2006 ஆகிய ஆண்டுகளில் வெளிநாடுகள் எடுத்த முடிவுகளுக்கு அதுவே அடித்தளமாக இருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் சோமாலியர்கள்.

பெயர் சூட்டும் பழக்கம்

இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து பெயர் சூட்டுவது 1991இல் தொடங்கியதன்று. 1899 முதல் 1920 வரை பிரித்தானியப் படைகளை எதிர்த்துப் போரிட்ட சையத் முகம்மது அப்துல்லா ஹசனை இலண்டன் பத்திரிகைகள் ‘பைத்தியக்கார முல்லா’ என்றே அழைத்தன. அவர் சமயத் தலைவர். சோமாலி மொழியின் மிகப் பெரிய கவிஞர்களுள் ஒருவரும்கூட. அவர் இயற்றிய பாடல்கள் கேட்டவர் வாய்வழியே நாடெங்கும் பரவிப் போருக்கு ஆள் சேர்த்தன. மொழிக்கு அப்போது பொதுவான எழுத்து வடிவம் இல்லாததால், ஒரு பாட்டைப் பிழையின்றி மனப்பாடம் செய்து கூறுவது அங்கு ஒரு பொறுப்பாகவே கருதப்பட்டது. கவிதையே செய்தித்தாளாகவும் தூதாகவும் இருந்த ஒரு சமூகத்தில் அவருடைய செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்பதை ‘பைத்தியம்’ என்ற சொல் மறைத்துவிட்டது. 1920இல் 12 விமானங்களைக் கொண்டு அவருடைய கோட்டைகள்மீது குண்டு வீசப்பட்ட பின்னரே அந்த இயக்கம் முறிந்தது.

அடுத்து வந்த பெயர் புகழ்ச்சியானது. 1960 ஜூன் 26இல் விடுதலை பெற்ற பிரித்தானிய சோமாலிலாந்தும், ஜூலை 1இல் விடுதலை பெற்ற இத்தாலியப் பகுதியும் இணைந்து சோமாலியக் குடியரசு உருவானபோது, ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே இனம் கொண்ட நாடு என்று மேற்கத்திய நோக்கர்கள் மகிழ்ந்தனர். ஆப்பிரிக்காவில் இது அரிது என்றனர். 1967இல் குடியரசுத் தலைவர் ஏதன் அப்துல்லா ஒஸ்மான் தேர்தலில் தோற்று அமைதியாகப் பதவியை விட்டு இறங்கியபோது அந்தப் புகழ்ச்சி இன்னும் கூடியது. இரண்டே ஆண்டுகளில், 1969 அக்டோபரில், அவருக்குப் பின் வந்த அப்திரஷீத் அலி ஷெர்மார்க்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாட்களில் படைத்தளபதி சியாத் பர்ரே ஆட்சியைப் பிடித்தார்.

‘ஒரே இனம்’ என்று சொன்ன அதே நோக்கர்கள், 1991இல் போர் வெடித்ததும் ‘தொன்றுதொட்ட குலப்பகை’ என்று சொல்லத் தொடங்கினர். இரண்டுமே அரைகுறை விளக்கங்கள். குலங்கள் பழையவை, ஆனால் பீரங்கியும் விமானமும் கொண்டு நகரங்களை அழித்த பகை பழையதன்று. பர்ரேயின் இருபத்தொரு ஆண்டு ஆட்சி அதை வளர்த்தது. குலப் பெயரைச் சொல்வதையே பொதுவெளியில் தடை செய்த அவர், பதவிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் குலம் பார்த்தே பங்கிட்டார். 1977–78 ஒகாடென் போரில் எத்தியோப்பியாவிடம் தோற்ற பின் அவருக்கு எதிராக ஆயுதக் குழுக்கள் எழுந்தன. 1988இல் வடக்கிலுள்ள ஹர்கெய்சா நகரை அரசின் சொந்த விமானங்களே குண்டு வீசித் தரைமட்டமாக்கின. அவை புறப்பட்டது அதே நகரத்தின் விமான நிலையத்திலிருந்துதான். அவற்றுள் ஒருவகையான மிக் விமானம் ஒன்று இன்று அந்நகரின் நடுவே நினைவுச்சின்னமாக நிற்கிறது. ஆக, 1991இல் சிதைந்த அரசு, அதற்கு முன்பே தன் மக்கள்மீது போர் தொடுத்திருந்த அரசு. மக்களில் பலருக்கு அதன் மறைவு இழப்பாகத் தோன்றவில்லை என்பதை வெளியார் நெடுங்காலம் புரிந்துகொள்ளவில்லை.

மரத்தடி உடன்படிக்கை

சோமாலி மேய்ப்பர் வாழ்வில் ‘ஹேர்’ என்று ஒரு வழக்குச் சட்டம் உண்டு. அது எழுதப்படாதது. குலங்களின் உட்கிளைகள் ஒன்றோடொன்று செய்துகொண்ட உடன்படிக்கைகளின் தொகுப்பு என்று அதைச் சொல்லலாம். ஒருவர் கொலை செய்தால் அதற்கான குருதிப் பணத்தை அவர் மட்டுமே கொடுப்பதில்லை. சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்களைக் கொண்ட அவருடைய கிளை முழுவதும் சேர்ந்து கொடுக்கும். பெறுவதும் அவ்வாறே. மரபான அளவு ஆணுக்கு 100 ஒட்டகங்கள், பெண்ணுக்கு 50. தவறு செய்தவனின் கடன் தன் தலையிலும் விழும் என்பதால், ஒவ்வொரு கிளையும் தன் இளைஞர்களைக் கட்டுப்படுத்தி வைப்பதில் அக்கறை காட்டுகிறது. மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1961இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கியிருந்தார். நூல் நூலகங்களில் இருந்தது; 1992இல் படையுடன் வந்திறங்கியவர்களின் திட்டங்களில் அதன் சுவடு தெரியவில்லை.

வழக்குகளைத் தீர்ப்பவர்கள் மூத்தோர். ஒரு மரத்தடியில் கூடி, நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பேசுவார்கள். பேசத் தெரிந்தவருக்கும் பழைய தீர்ப்புகளை நினைவில் வைத்திருப்பவருக்கும் மதிப்பு அதிகம். அவசரம் என்பது அங்கு நல்ல குணம் அன்று.

இதை உணர்ந்த வெளியார் இருந்தார்கள். 1992இல் ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புத் தூதராக வந்த அல்ஜீரிய அரசுறவாளர் முகம்மது சஹ்னூன் அவர்களுள் முதன்மையானவர். படைத்தலைவர்களுடன் மட்டுமன்றி மூத்தோருடனும் உட்கார்ந்து பேசினார், ஐ.நா.வின் தாமதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் பதவி விலக நேர்ந்தது.

1992 டிசம்பர் 9 இரவில் அமெரிக்கக் கடற்படைவீரர்கள் மொகதிசு கடற்கரையில் இறங்கினர். எதிர்கொண்டவை எதிரியின் துப்பாக்கிகள் அல்ல. தொலைக்காட்சி நிறுவனங்களின் விளக்குகள். அந்தப் படை வந்ததால் உணவு போய்ச் சேர்ந்த இடங்கள் உண்டு, உயிர் பிழைத்தவர்களும் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பஞ்சம் எங்கு, யாரைக் கொன்றது என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. இரு ஆறுகளான ஜுபாவுக்கும் ஷபெல்லேவுக்கும் இடைப்பட்ட விளைநிலப் பகுதியில், பைதோவா நகரைச் சுற்றி, ரஹன்வெய்ன் மக்களும் பண்டு இன உழவர்களும் பெருமளவில் மடிந்தார்கள். வறட்சி மட்டும் காரணமன்று. மாறி மாறி வந்த படைகள் அவர்களுடைய தானியக் குழிகளைக் கொள்ளையடித்தன. நாட்டின் மிக வளமான மண்ணில் வாழ்ந்தவர்களே அதிகம் பட்டினியால் இறந்தார்கள்.

1993 ஜூன் 5இல் பாகிஸ்தானிய அமைதிப்படையினர் 24 பேர் மொகதிசுவில் கொல்லப்பட்டனர். அதன்பின் ஐ.நா. நடவடிக்கை, முகம்மது ஃபாரா ஐதீத் என்ற ஒற்றை மனிதரைப் பிடிக்கும் வேட்டையாகச் சுருங்கியது. அவர் தலைக்கு 25,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜூலை 12இல் அவருடைய ஹபர் கிதிர் குலத்தைச் சேர்ந்தவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. 54 பேர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது, ஐ.நா. தரப்பு சொன்ன எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. கொல்லப்பட்டவர்களுள் மூத்தோரும் இருந்தனர், ஐ.நா.வுடன் சமரசம் செய்ய விரும்பியவர்களும் அக்கூட்டத்தில் இருந்ததாகச் சோமாலியர்கள் கூறினர். ஹேர் மரபில் சமாதானத் தூதரும் மூத்தோரும் தாக்கப்படக் கூடாதவர்கள். அந்த நாளுக்குப் பின் ஐதீத்தை வெறுத்த உறவினர்கள்கூட அவர் பக்கம் நின்றார்கள்.

உலகம் நினைவில் வைத்திருப்பது ஜூலை 12ஐ அன்று, அக்டோபர் 3ஐ. அன்று தொடங்கி மறுநாள் வரை நீடித்த சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் இறந்தனர். 2001இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ஹாலிவுட் படம் அந்த இரவை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. படம் பிடிக்கப்பட்டது மொராக்கோவில். அதைப் பார்த்தவருக்கு, அந்தக் கூட்டம் ஏன் அத்தனை சினத்துடன் தெருவுக்கு வந்தது என்று விளங்க வழியில்லை.

போராமாவில் நடந்தது

1993 மார்ச்சில் ஐ.நா. ஆதரவில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 15 ஆயுதக் குழுக்கள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இரண்டு வாரங்களில் வேலை முடிந்தது. உடன்படிக்கை நிலைக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தால் மேசையில் இடம் உண்டு என்ற பாடத்தை மட்டும் எல்லோரும் கற்றுக்கொண்டனர்.

அதே மாதங்களில் வடமேற்கே, எத்தியோப்பிய எல்லையை ஒட்டிய போராமா என்ற சிற்றூரில் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர் எவரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை நடந்த அந்தக் கூட்டத்தில், வாக்குரிமை பெற்ற சுமார் 150 மூத்தோர் அமர்ந்தனர். வடக்கின் பெரும்பான்மையினரான இசாக் குலத்தவருக்குப் போரில் எதிரணியில் நின்றவர்கள் பலரைக் கொண்டது கடபூர்சி குலம். கூட்டம் நடந்ததே அந்தக் குலத்தின் ஊரில். வென்றவர் தோற்றவரின் வீட்டுக்கு விருந்தினராகப் போனார் என்பதே பாதி சமாதானம். செலவின் பெரும்பகுதியை உள்ளூர் மக்களும் வணிகர்களும் புலம்பெயர்ந்தோரும் ஏற்றனர். இறுதியில் முகம்மது ஹாஜி இப்ராஹிம் எகால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூத்தோர் அவைக்கு நாடாளுமன்றத்தின் மேலவையாக இடம் கிடைத்தது.

1991 மே 18இல் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து இவ்வாறுதான் நிலைபெற்றது. ஐ.நா. உறுப்பினராக அது ஏற்கப்படவில்லை. 2003 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதலில் அறிவிக்கப்பட்ட வாக்கு வித்தியாசம் வெறும் 80. பல நாடுகளில் இவ்வளவு சிறிய வித்தியாசம் கலவரத்தில் முடிந்திருக்கும். இங்கு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னர் தோற்ற அணி முடிவை ஏற்றது. தோற்ற அகமது சிலான்யோ 2010 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார்.

சோமாலிலாந்தை அற்புதமாகக் காட்டும் கட்டுரைகளும் இப்போது பெருகிவிட்டன. அவற்றைப் படிக்கும்போது சற்றுக் கவனம் தேவை. 1994 முதல் 1996 வரை அங்கேயும் உள்நாட்டுச் சண்டை நடந்தது. 2023இல் கிழக்கிலுள்ள லாஸ் அனோத் நகர மக்கள் சோமாலிலாந்து ஆட்சியை ஏற்க மறுத்துப் போரிட்டனர். அந்நகரை அரசு இழந்தது. மூத்தோர் அவை ஆண்களின் அவையாகவே தொடர்ந்திருக்கிறது.

பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது

மத்திய வங்கி 1991இல் மூடப்பட்டது. ஆனால் சோமாலி ஷில்லிங் சாகவில்லை. பழைய தாள்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. படைத்தலைவர்களும் வணிகர்களும் வெளிநாட்டு அச்சகங்களில் அடித்துக் கொண்டுவந்த போலித் தாள்களும் சேர்ந்துகொண்டன. மக்கள் அவற்றையும் ஏற்றனர். நாளடைவில் 1,000 ஷில்லிங் தாளின் மதிப்பு, இன்னொரு தாளை அச்சடித்துக் கொண்டுவரும் செலவான சில அமெரிக்க சென்ட்களுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. அதற்கு மேல் போலி அடிப்பதில் இலாபமில்லை. எந்த அரசும் கட்டளையிடாமல் ஒரு நாணயத்துக்குத் தரைமட்டம் அமைந்த இந்தக் கதையைப் பொருளியலாளர்கள் இன்றும் வியப்புடன் ஆராய்கின்றனர்.

பெரும் பணம் வந்தது வெளிநாட்டிலிருந்து. இலண்டனிலோ மினியாபொலிஸிலோ துபாயிலோ இருக்கும் ஒருவர் உள்ளூர் முகவரிடம் பணத்தைக் கொடுப்பார். ஹர்கெய்சாவிலோ பாலைவனச் சிற்றூரிலோ உள்ள முகவர், பெரும்பாலும் மறுநாளுக்குள், அத்தொகையை அவருடைய தாயிடம் கொடுத்துவிடுவார். தமிழர்களுக்கு இது புதிதன்று. நகரத்தார் வணிகத்திலும் பின்னாளில் ஈழத்தமிழர் புலம்பெயர் வாழ்விலும் ‘உண்டியல்’ என்று வழங்கியதற்கு நெருங்கிய உறவு. சோமாலியில் ‘ஹவிலாத்’. பெறுபவர் இன்னார்தான் என்று குலமும் கிளையும் கேட்டு உறுதி செய்வார்கள். போருக்குக் காரணம் என்று வெளியார் பழித்த அதே குல அமைப்பு இங்கே அடையாள அட்டையாகவும் பிணைப் பத்திரமாகவும் வேலை செய்தது. இவ்வாறு வந்த தொகை ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா இந்த வலைப்பின்னலைச் சந்தேகத்துடன் நோக்கியது. நவம்பர் 7இல் சோமாலியாவின் மிகப் பெரிய பணம் அனுப்பும் நிறுவனமான அல்-பரக்காத்தின் அலுவலகங்கள் மூடப்பட்டு, அதன் சொத்துகள் முடக்கப்பட்டன. அந்நிறுவனம் நாட்டின் முன்னணித் தொலைபேசி நிறுவனமும்கூட. கடைக்காரரும் விதவையும் பள்ளி ஆசிரியரும் போட்டு வைத்திருந்த பணம் அதில் சிக்கியது. பின்னர் அமெரிக்காவின் 9/11 ஆணையத்தின் அலுவலர்களே ஆராய்ந்து, அந்நிறுவனம் பயங்கரவாதத்துக்கு நிதி அளித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதினர். 2008 செப்டம்பர் 3இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பாவில் விதிக்கப்பட்ட முடக்கத்தைச் சட்டமுறைக் குறைபாடு கருதி நீக்கித் தீர்ப்பளித்தது. முடங்கிப்போன பணத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஏழாண்டு நீண்ட காலம்.

இதன்பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. 2013இல் பிரித்தானியாவின் பார்க்லேஸ் வங்கி, சோமாலியப் பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவு செய்தது. ஒலிம்பிக் ஓட்டவீரர் மோ ஃபாரா உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். இதற்கிடையே சோமாலியர்கள் கைப்பேசிக்கு நகர்ந்திருந்தார்கள். சோமாலிலாந்தில் 2009இல் ‘ஸாத்’ சேவை தொடங்கியது. தெற்கிலும் இத்தகைய சேவை பரவியது. 2018இல் உலக வங்கி தந்த கணக்குப்படி மாதத்துக்குச் சுமார் 15.5 கோடி கைப்பேசிப் பரிமாற்றங்கள், 270 கோடி டாலர் மதிப்பில் நடந்தன. வங்கிக் கணக்கே காணாத ஒட்டகப்பால் விற்கும் பெண் கைப்பேசி எண்ணைச் சொல்லிக் காசு வாங்குவது அங்கு அன்றாடக் காட்சி.

2006: கலைக்கப்பட்ட ஆறு மாதம்

மொகதிசுவில் 1990களில் குலங்கள் தோறும் சிறு இஸ்லாமிய நீதிமன்றங்கள் தோன்றின. திருட்டையும் கொலையையும் விசாரிக்க வேறு ஆள் இல்லாததால் வணிகர்கள் அவற்றுக்குப் பணம் கொடுத்தனர். 2006இல் அமெரிக்க உளவுத்துறை, ‘பயங்கரவாத எதிர்ப்பு’ என்ற பெயரில் கூட்டணி அமைத்த படைத்தலைவர்களுக்குப் பணம் கொடுத்தது. நகர மக்களை ஆண்டுக்கணக்கில் வதைத்தவர்கள் அந்தப் படைத்தலைவர்கள்தான். அவர்களை எதிர்க்க நீதிமன்றங்கள் ஒன்றுசேர்ந்தன. ஜூன் மாதம் மொகதிசுவைக் கைப்பற்றின. வழிப்பறிச் சாவடிகள் அகற்றப்பட்டன. பல்லாண்டுகளாக மூடிக்கிடந்த விமான நிலையமும் துறைமுகமும் திறந்தன.

அந்த அமைப்பு ஒரே மனம் கொண்டதன்று. குலத்து மூத்தோரைப் போன்ற மிதவாதிகளும், திரைப்படத்தையும் இசையையும் தடை செய்ய விரும்பிய கடும்போக்கினரும், அல்-ஷபாப் என்ற சிறு இளைஞர் படையும் அதில் இருந்தனர். வெளியார் இவர்களைப் பிரித்துப் பார்க்க முயலவில்லை. டிசம்பரில், அமெரிக்க ஆதரவுடன் எத்தியோப்பியப் படை உள்ளே புகுந்தது. மிதவாதிகள் நாட்டைவிட்டு வெளியேறினர். உள்ளே இருந்து போரிட்ட அல்-ஷபாப், அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் படையாகத் தன்னைக் காட்டி வளர்ந்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியப் படை திரும்பிப் போனது. அதே மாத இறுதியில் நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஷெரீஃப் ஷேக் அகமது. 2006இல் விரட்டப்பட்ட நீதிமன்றங்களின் தலைவர். அவரை மேற்கு நாடுகள் வரவேற்றன. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் மொகதிசுவிலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறியிருந்தனர்.

நகருக்கு வெளியே அஃப்கோயே சாலையில் மகப்பேறு மருத்துவர் ஹவா அப்தியின் நிலத்தில் பல்லாயிரம் பேர் தங்கினர். 1983இல் ஒரு சிறு மருத்துவமனையாக அவர் தொடங்கிய இடம் அது. அவருடைய முகாமில் யாரும் குலப் பெயர் சொல்லக் கூடாது என்பதும், மனைவியை அடிப்பவரை அடைத்து வைக்க ஓர் அறை உண்டு என்பதும் அங்கு விதிகள். 2010இல் ஆயுதக்குழு ஒன்று மருத்துவமனையைப் பிடித்தபோது, முகாமிலிருந்த பெண்களும் வெளிநாடு வாழ் சோமாலியர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அது பின்வாங்கியது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்று அவர் பிடிவாதமாக நின்றார். கிடைத்தது.

மறுபக்கத் தவறு

இத்தனையும் பார்த்தவர்களில் சிலர் எதிர்முனைக்குப் போனார்கள். அரசே இல்லாமல் சோமாலியா முன்பைவிட நன்றாக வாழ்கிறது என்று பொருளியலாளர் பீட்டர் லீசன் 2007இல் எழுதிய ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பர்ரேயின் கடைசி ஆண்டுகளோடு ஒப்பிட்டு, பல குறியீடுகள் மேம்பட்டுள்ளன என்று அவர் காட்டினார். தன் நகரங்கள்மீதே குண்டு வீசிய ஆட்சியோடு ஒப்பிட்டால் எதுவும் மேலாகத்தான் தெரியும். மேலும், குல உடன்படிக்கை எல்லாருக்கும் ஒரே காப்பை அளிப்பதில்லை. 100 ஒட்டகம் கேட்டு வாங்க வலிமையான கிளை வேண்டும். பண்டு உழவருக்கும், தோல், இரும்பு வேலை செய்யும் கபோயே போன்ற ஒதுக்கப்பட்ட குழுக்களுக்கும் அந்த வலிமை இல்லை. பாலியல் வன்முறை வழக்கில் மூத்தோர் இரு குடும்பங்களுக்கும் இடையே தீர்வு பேசுவார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல் அங்கே கேட்கப்படுவது அரிது.

2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையே ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்ததாக ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அல்-ஷபாப் உதவி அமைப்புகளை விரட்டியது. உதவி அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அமெரிக்கச் சட்டங்கள் அமைப்புகளை அச்சுறுத்தின. வெளிநாட்டில் உறவினர் இருந்தவர்களுக்கு ஹவிலாத் வழியே பணம் வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் 1992இல் இறந்த அதே ரஹன்வெய்ன், பண்டு மக்கள். பணம் அனுப்ப அவர்களுக்கு இலண்டனில் யாரும் இல்லை.

2000இல் ஜிபூத்தியின் அர்தா நகரில் நடந்த மாநாட்டில், நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட ‘4.5’ என்ற சூத்திரம் ஏற்கப்பட்டது. நான்கு பெரிய குலக் குழுக்களுக்கு ஒவ்வொரு பங்கு. மற்ற சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஆயுதம் வைத்திருந்தவர்களை மட்டும் அழைத்த அடிஸ் அபாபாவைவிட இது மேல் என்று பல சோமாலியர்கள் கருதினர். ஜுபா ஆற்றங்கரை உழவர்களோ, தங்களை அரை மனிதராக எண்ணிய கணக்கு அது என்று இன்றும் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற தேர்தலை அதற்கு மாற்றாகக் கொண்டுவருவது பற்றிய விவாதம் மொகதிசுவில் இன்னும் ஓயவில்லை.